தாணுலிங்கம் சார் போட்ட கடற்கரை

தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த நடுநிலைப்பள்ளியில் தாணுலிங்கம் சார் பாடம் என்று எதையும் நடத்தியதில்லை. ஆனால் அவர் கை படாத பாடம் ஒன்றும் கிடையாது. அவர் டிராயிங் மாஸ்டர். வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியடு. பிள்ளைகள் மாம்பழமும் குடமும் வரைந்துவிட்டுப் போவார்கள். அவருக்கு உண்மையான வேலை இன்ஸ்பெக்ஷன் சமயத்தில்தான் வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை டெபுடி இன்ஸ்பெக்டர் வருவார். அன்றைக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்திலும் செய்த வேலையை ஹாலில் பரப்பி வைத்திருக்க வேண்டும். தமிழுக்கு அழகான கையெழுத்து. கணக்குக்கு அட்டையில் வெட்டி ஒட்டிய கூம்பும் உருளையும். விஞ்ஞானத்துக்குச் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு, மனிதக் கண், கடற்கரையில் பொறுக்கிப் பெயர் எழுதி ஒட்டிய சிப்பிகள். சரித்திரத்துக்கு ஒரு கோட்டை. கைத்தொழிலுக்குப் பனையோலைப் பெட்டி. பூகோளத்துக்குத் திருநெல்வேலி ஜில்லாவின் படம்.

பெட்டி முடைவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வாத்தியார்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். "சார், இந்தக் கண்ணு கொஞ்சம் மாங்கொட்டை மாதிரி இருக்கு, பாருங்களேன்" என்பார் விஞ்ஞானம் எடுக்கும் மெட்டில்டா டீச்சர். சார் பென்சிலை எடுப்பார். அவர் திருத்தி முடிக்கும்போது அந்தத் தாளில் பிள்ளையுடையது என்று மிஞ்சியிருப்பது பெயர் மட்டும்தான். அந்தப் பெயரையும் பல சமயம் அவரே அழகாக எழுதிவிடுவார். கீழே 'ஏழாம் வகுப்பு மாணவி செய்தது' என்று போடுவதும் அவர்தான். இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் நடந்தது, மற்ற பள்ளிக்கூடங்களில் தாணுலிங்கம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றிலும் பேர்போனது அவருடைய கடற்கரை. ஜில்லா படத்தைப் போர்டில் போடும்போது வேம்பாரில் சாக்பீஸை வைப்பார். தூத்துக்குடியில் லேசாக வெளியே தள்ளி, புன்னைக்காயலில் ஆற்றுக்கு வாய் விட்டு, ஆலந்தலை, பெரியதாழை என்று இறங்கிக் கூடங்குளத்தில் கொண்டுபோய்த்தான் கையை எடுப்பார். ஒரே இழுப்பு. புதிதாக வந்த வாத்தியார்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு, குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. சொல்வதானால் ஒன்று சொல்லலாம். அவர் பிறந்த ஆழ்வார்திருநகரியை மட்டும் திருநெல்வேலி டவுனைவிடப் பெரிய புள்ளியாக வைப்பார்.

பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒரே சட்டம் இதுதான்: "மாதிரியைப் பாரு. கண்ணு பாக்குறதைத்தான் கை போடணும். கை சொந்தமா யோசிக்கக் கூடாது." பிள்ளைகள் இந்தச் சட்டத்தை எவ்வளவு ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது எழுபத்துமூணாம் வருஷத்து இன்ஸ்பெக்ஷனில் தெரிந்தது. அந்த வருஷம் சார் வரைந்து காட்டிய மாதிரிப் படத்தில், பெரியதாழைக்குக் கிழக்கே கடலுக்குள் ஒரு சொட்டு மசி விழுந்துவிட்டது. வகுப்பு மொத்தமும் அந்த இடத்தில் ஒரு தீவு போட்டது. சில பேர் அதற்குப் பச்சை வர்ணமும் அடித்தார்கள். திருத்தும்போது சார் கரையை மட்டும் பார்ப்பாரே தவிரக் கடலைப் பார்ப்பதில்லை.

டெபுடி இன்ஸ்பெக்டர் பார்த்தார். "இது என்ன தீவும்மா?" என்று ஆறாம் வகுப்புப் பிளாரன்ஸைக் கேட்டார். தோணி ஓட்டிக் கொழும்புக்குப் போய்வரும் தண்டலின் மகள் அவள், அவளுடைய அம்மா பிறந்த ஊர் பெரியதாழை.

"அங்கன தீவு கெடையாது சார்" என்றாள் பிளாரன்ஸ். "எங்க சாரோட மாதிரியிலதான் இருக்கு."

டெபுடி சிரித்துவிட்டார். தாணுலிங்கம் சாரும் சிரித்தார். சிரிக்க முடிந்த காலம் அது.

நடுக்கம் எழுபத்துநாலாம் வருஷம் ஆடிக்காற்றோடு வந்தது. முதலில் வலது கட்டைவிரல். பிறகு மணிக்கட்டு. கை சும்மா இருக்கும்போது தானாக ஆடும். பென்சிலைப் பிடித்தால் நிற்கும் என்று முதலில் நம்பினார். பிறகு பிடித்தாலும் நிற்கவில்லை. போர்டில் போடுவதை நிறுத்தினார். கேட்டவர்களுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றார். வலது கையை ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினார். சாயங்காலம் இசக்கியப்பன் அண்ணாச்சி கடையில் நின்று டீ குடிப்பது இருபது வருஷத்துப் பழக்கம், அதையும் விட்டார். "என்ன சார், நம்ம கடைப் பக்கமே காணும்? டீயில என்ன குத்தம் கண்டீரு?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தார்.

வீட்டில் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் காப்பி சட்டையில் சிந்தியது. மறுநாளிலிருந்து சங்கரம்மாள் அரை டம்ளர்தான் ஊற்றினாள். அவர் குடித்து முடித்ததும் வந்து இன்னொரு அரை டம்ளர் ஊற்றிவிட்டுப் போனாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதில் அவருக்கு ஆறுதலும் இருந்தது, அதைவிட அதிகமாக வெட்கமும் இருந்தது.

அவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருந்தது. நடுநிலைப்பள்ளிக்கு டிராயிங் மாஸ்டர் எதற்கு என்று மேலே ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. வரையத் தெரிந்த டிராயிங் மாஸ்டருக்கே அந்தக் கதி. வரைய முடியாதவரை எதற்கு வைத்திருப்பார்கள்? வீட்டுக்கு அனுப்பினால் சோற்றுக்குத் தட்டுப்பாடு வராது, ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. அது இல்லை அவர் பயம். முப்பது வருஷமாக இந்த ஊரில் அவரை யாராவது கூப்பிட்டிருந்தால் அது அந்தக் கையைத்தான். கை போய்விட்டால் தாணுலிங்கம் என்று யாரைக் கூப்பிடுவார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்தத் தை மாதம் இன்ஸ்பெக்ஷன் தேதி வந்தது. சார் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். பீரோவில் பழைய மாதிரிப் படங்கள் சுருட்டிக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து நடுவில் மாட்டிவிட்டு, சுற்றிப் பிள்ளைகளின் படங்களை மாட்டினால் போதும். மாதிரியை நடுவில் மாட்டுவதுதான் அங்கே வழக்கம். ஆனால் ஹெட்மாஸ்டர் இஞ்ஞாசி சார் பழைய படத்தை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது ஆகாது தாணு. புதுத் துறைமுகம் எங்கன இருக்கு இதுல? ஊரே கூடித் திறந்தாச்சி, கப்பல் வந்து நிக்கி. நம்ம படத்துல மட்டும் வெறுங்கடலா கெடந்தா டெபுடி என்ன நெனைப்பாரு? புதுசா ஒண்ணு போட்டுரும்."

"தோள்பட்டைதான் சார்..."

"மெதுவாப் போடுமே. ஒமக்கு ஒரு இழுப்பு வேலதான அது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கூடத்தில் சார்ட் பேப்பரை விரித்து நாலு மூலையிலும் சங்கரம்மாளின் பித்தளை டம்ளர்களை வைத்தார். வேம்பாரில் பென்சிலை வைத்தார். தூத்துக்குடி வருவதற்குள் கோடு புழு நெளிந்ததுபோல் ஆகிவிட்டது. அழித்தார். திரும்பப் போட்டார். மறுபடி அழித்தார். தாள் சுரண்டி மேலெல்லாம் பஞ்சாக எழும்பியது. இரண்டாவது தாளை எடுத்தார். அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சங்கரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் புடிச்சிக்கிடுதேன்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வரையும்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. இரண்டு கையும் சேர்ந்து போனால் கோடு நேராகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள். நேராகவில்லை. அவள் கைக்கும் நடுக்கம் தொற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

"இது வேலைக்காவாதுளா" என்றார் அவர்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சி? கடக்கரை என்ன கம்பி கட்டுனாப்லயா கெடக்கு? அதுவும் அங்கன இங்கன நெளிஞ்சிதான கெடக்கு."

"ஒனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். நீங்க போடுங்க."

அவர் போட்டார். வேம்பாரிலிருந்து கூடங்குளம் வரை கரை நடுங்கிக்கொண்டே போயிற்று. புதுத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் நீளும் இரண்டு சுவர்களையும் மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்தார். ஸ்கேலைச் சங்கரம்மாள் பலமாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதனால் அந்தப் படத்தில் சுவர்கள் மட்டும் சுத்தமாக நேராக வந்தன.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் மாதிரியை மாட்டினார். பிள்ளைகள் பார்த்தார்கள். அந்த வகுப்பு லேசுப்பட்ட வகுப்பு அல்ல, ஒருவன் தும்மினால்கூட அதை வைத்து ஒரு நாள் முழுக்கச் சிரிக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பெஞ்சில் இருந்த பிளாரன்ஸ் படத்தைப் பார்த்தாள், பிறகு அவருடைய ஜிப்பாப் பையைப் பார்த்தாள். கோட்டைப் பார்க்காதீர்கள், புத்தகத்தைப் பார்த்து நேராகப் போடுங்கள் என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். "பாத்துப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார். எந்த வருஷமும் பிள்ளைகளின் தாளில் அவர் கை வைக்காமல் இருந்ததில்லை. இந்த வருஷம் ஒரு தாளையும் தொடவில்லை.

புதன்கிழமை சங்கரம்மாள் ஒற்றைக்காலில் நின்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். மறுநாளும் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நரம்புக் கோளாறு. உயிருக்கு ஒண்ணும் இல்லை. மாத்திரை சாப்பிடுங்க, நடுக்கம் கூடாமப் பாத்துக்கலாம். பழைய மாதிரி ஆகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சங்கரம்மாள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். இரண்டு நாள் லீவு முடிந்து காலையில் வந்தவர் நேரே ஹாலுக்குப் போனார். இஞ்ஞாசி சார் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தார். கூம்பும் உருளையும் மேஜையில் இருந்தன. மெட்டில்டா டீச்சருடைய வகுப்புக் கண் இந்த வருஷம் மாங்கொட்டையாகவே இருந்தது. கடைசிச் சுவரில் குறுக்கே கயிறு கட்டி ஜில்லா படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் அவருடைய மாதிரி. இரண்டு பக்கமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்கள். அத்தனை படத்திலும் கடற்கரை நடுங்கியது.

ஒரு படத்தில் நடுங்கினால் தாள் சரியில்லை என்று சொல்லலாம். ஒரு வகுப்பே நடுங்கினால் என்ன சொல்வது? தீவைப் போட்ட பிள்ளைகள் அல்லவா, மாதிரியில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டார்கள். சொல்லிக்கொடுத்தது யார், அவரேதான். அவர் பைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துச் சுவர் முழுக்க மாட்டியதுபோல் இருந்தது. கழற்றிவிடலாமா என்று கயிற்றுப் பக்கம் போனார். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

டெபுடி இன்ஸ்பெக்டர் அதே மனிதர்தான். கையெழுத்தைப் பார்த்தார், சிப்பிகளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். பூகோளச் சுவருக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்து தாள்கள் அசைந்தன.

"காத்துல ஆடுது சார்" என்றார் இஞ்ஞாசி சார், அவசரமாக.

"தாள் காத்துல ஆடுது. கோடு எதுல ஆடுது?" என்ற டெபுடி திரும்பிப் பார்த்தார். கதவோரம் எட்டாம் வகுப்பு வரிசையாக நின்றது. "தீவுக்காரப் பொண்ணு நீதானே? நீ சொல்லு. கரை ஏன் இப்படி இருக்கு?"

பிளாரன்ஸ் வரிசையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "மாதிரியப் பாத்து அப்படியே போட்டோம் சார். அப்படித்தான் போடணும்னு எங்களுக்குச் சட்டம்" என்றாள்.

இஞ்ஞாசி சாருக்கு அப்போதுதான் தோள்பட்டை விவகாரம் புரிந்திருக்க வேண்டும், அவர் தாணுலிங்கத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இனி ஒளிக்க இடமில்லை. சார் ஜிப்பாப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். அது எல்லார் முன்னாலும் ஆடியது.

"பிள்ளைங்க மேல தப்பில்லை சார். என் கை நடுங்குது. ஆறு மாசமா நடுங்குது. மாதிரியில நான் போட்டதுதான் அங்கன இருக்கு" என்றார். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. நல்லவேளை, அழவில்லை.

டெபுடி படங்களுக்குத் திரும்பினார். ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். துறைமுகத்துச் சுவர்கள் எல்லாப் படத்திலும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. எழுத்துகள் நிமிர்ந்து நின்றன, அழகில்லாத எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. வர்ணம் சில இடத்தில் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. ஆழ்வார்திருநகரி எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

"வாத்தியாரே" என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா இந்த ஹாலுக்கு வந்து உங்க கையைத்தான் பார்த்துட்டுப் போயிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? இன்னைக்குத்தான் பிள்ளைங்க கையைப் பார்க்கிறேன். அதுங்களுக்குப் போட வந்திருக்கு. கரையைத் தவிர எதுவும் ஆடலை." சார் பக்கம் திரும்பி, "உங்க கண்ணு நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"அப்போ வகுப்புக்குப் போங்க. போர்டுல பிள்ளைங்க போடட்டும். நீங்க பின்னால நின்னு பாருங்க."

அவர் அதை எழுதி வைத்துவிட்டுப் போனாரா, வாயால் சொன்னதோடு சரியா என்பது இஞ்ஞாசி சாருக்குத்தான் தெரியும். தாணுலிங்கம் சார் அந்த வருஷமும் இருந்தார், மீதி வருஷங்களும் இருந்து, எல்லாரையும்போல மாலை போட்டுக்கொண்டுதான் ரிட்டயர் ஆனார்.

ஆனால் அவர் அந்த நாளை நினைத்துக்கொண்டது டெபுடி சொன்ன வார்த்தைக்காக அல்ல. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு படங்களைக் கழற்ற ஹாலுக்குப் போனார். அவிழ்த்த முதல் தாள் பிளாரன்ஸுடையது. மேற்கு ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்தபோது நடுங்கிய கரைக்கு அடியில் இன்னொரு கரை தெரிந்தது. பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்த கோடு. அழித்தாலும் தாளில் பள்ளம் போகாதே. வேம்பாரிலிருந்து கூடங்குளம் வரை ஒரே இழுப்பில், நடுக்கமே இல்லாமல் போயிருந்தது அது. அவர் பழைய நாளில் போட்டதுபோலவே இருந்தது.

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் முதலில் நேராகத்தான் போட்டிருக்கிறாள். அப்படியே விட்டிருந்தால் சுவர் முழுக்க நேரான கரைகள் இருக்கும், நடுவில் அவருடையது மட்டும் நடுங்கும். வருகிறவர் கண் அங்கேதான் போகும். அதனால்தான் அழித்திருக்கிறாள். அழித்துவிட்டு, நடுங்காத கையை நடுங்க வைத்து, அவர் கோட்டைப் பார்த்து நெளிவுக்கு நெளிவு திரும்பப் போட்டிருக்கிறாள். கேட்டபோது சட்டம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த தாளை எடுத்து வெயிலில் பிடித்தார். அதிலும் அடியில் நேரான கரை இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை. காலியான ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தார்.

வீட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டவில்லை. சங்கரம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அரை டம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.

"முழுசா ஊத்துளா" என்றார் அவர்.

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். விளிம்பு வரை ஊற்றினாள். அவர் வலது கையால் எடுத்தார். டம்ளர் ஆடியது. சட்டையில் சிந்தியது, வேட்டியில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. மிச்சத்தை நிதானமாகக் குடித்து முடித்தார்.